அரை மணித்தியாலம் பிந்திய கொம்பியூட்டர்

என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுதப்பட்ட கடிதத்தை நானேதான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட விடவில்லை.

எழுதியவர் எங்கள் கந்தோரின் கொம்பியூட்டர் பொறுப்பாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆங்கிலத்தில் கைப்பட எழுதிய தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, இதைக் கொம்பியூட்டரில அடிக்க வேண்டாம். சேர்வரில கிடந்தா எல்லாரும் பாப்பினம். பழைய டைப்ரைட்டரில அடியுங்கோ. உங்களுக்கு விளங்காது, எழுத்தைப் பாத்துப் பாத்து அடிச்சாச் சரி" என்றார்.

எனக்கு விளங்கியது. சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள்தான். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் வருடக்கணக்காக ஆங்கிலக் கடிதம் அடித்த கைக்கு, 'கவனயீனம்', 'கீழ்ப்படியாமை', 'உடனடியாக நீக்குக' என்ற சொற்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. இரண்டு தாளுக்கும் நடுவில் கார்பன் வைத்து அடித்தேன். மேல்தாளை அவரிடம் கொடுத்தேன். அடித்தாளை என் கைப்பைக்குள் மடித்து வைத்தேன்.

இது நடந்தது இரண்டாயிரமாம் ஆண்டில், வவுனியா நகரத்தில். இடம்பெயர்ந்து வந்த சனங்களுக்குப் பாய், சட்டி, நுளம்பு வலை கொடுக்கிற ஒரு சிறிய நிவாரண நிறுவனத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். நானும் இடம்பெயர்ந்தவள்தான். ஊர் நாயாறு. அப்பா இருக்கும்வரை கடலும் களப்பும்தான் எங்கள் சீவியம். பிறகு அம்மாவும் நானும் ஓடி ஓடி வவுனியாவுக்கு வந்து, முகாமில் ஒரு தறப்பாள் கூடாரத் தடுப்புக்குள் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தோம். இந்த வேலை கிடைத்த பிறகுதான் நெளுக்குளத்தில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுக்க முடிந்தது.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வவுனியாவில் முகாமுக்கு வெளியே இருப்பதற்குப் பாஸ் வேண்டும். பாஸைப் புதுப்பிக்க வேலை செய்கிற இடத்துக் கடிதம் வேண்டும். ஆகவே வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. பாஸ் போகும், பின்னறை போகும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் அந்தத் தறப்பாளுக்குள் போக வேண்டும். கடிதம் எழுதிய அந்தத் தம்பிக்கு இது நன்றாகத் தெரியும். என் பாஸ் கடிதத்தில் பணிப்பாளரின் முத்திரையைக் குத்துவதே அவர்தான்.

பிழை எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

எங்கள் கந்தோரில் நாலு கொம்பியூட்டர்கள். உள்ளறையில் ஐந்தாவதாக ஒன்று, அதுதான் சேர்வர். அதில் படம் கிடையாது, எலியைப் பிடித்து அழுத்துகிற வேலையும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். "இது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வவுனியாவிலேயே இது எங்களிட்ட மட்டும்தான்" என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் காட்டுவார். நாலு கொம்பியூட்டரையும் வயரால் அதோடு இணைத்து, ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் எடுக்கும்படி செய்திருந்தார். அது நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

முகாம் குடும்பங்களின் பட்டியல் என் பொறுப்பு. காலையில் வருகிற புதுப் பெயர்களை என் கொம்பியூட்டரில் அடித்து, பதினொன்றரைக்கு முடித்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் அந்தக் கோப்பை வயர் வழியாகத் தன் கொம்பியூட்டருக்கு எடுத்து, முகாம் மாறிய குடும்பங்களையும் புதிதாகப் பிறந்த பிள்ளைகளையும் திருத்தி வைப்பார். பன்னிரண்டு மணிக்குச் சேர்வர் தானாகவே எங்கள் இரண்டு பேருடைய கோப்பையும் பார்க்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால், எது பிந்திய நேரத்தில் சேமிக்கப்பட்டதோ அதை எடுத்துக்கொள்ளும். முந்தியதை விட்டுவிடும். அந்த ஏற்பாட்டை எழுதியவரும் அவரே.

பிந்தியது எப்போதும் அவருடைய கோப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சில நாட்களில் சேர்வருக்குள் போனது என்னுடையது. அவர் திருத்தியது காணாமல் போய்விடும்.

"அக்கா, நான் திருத்தின பிறகு நீங்கள் திரும்பச் சேவ் பண்ணுறியள்."

"இல்லை சேர். நான் பதினொண்டரைக்கு மூடிட்டன்."

"அப்ப ஆர், பேயோ வந்து சேவ் பண்ணுது?"

கந்தோர் சிரித்தது. நான் குனிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்துத்தான் குனியும்.

அவர் பல வைத்தியம் பார்த்தார். வயரை மாற்றினார். சேர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஆர் வாசிக்கலாம், ஆர் எழுதலாம் என்ற வரிகளை மாற்றினார். பகிர்வு வேலையை நிறுத்தித் திரும்பத் தொடக்கினார். ஒருநாள் சரியாக இருக்கும், மறுநாள் திரும்பவும் போகும். கடைசியில் என் பெயருக்கு நேரே 'வாசிக்க மட்டும்' என்று போட்டுவிட்டார். நான் அடித்த பட்டியலை நானே பார்க்கலாம். சேர்வருக்குள் ஓர் எழுத்தும் போகாது. மூன்று நாட்கள் கடை யன்னலில் சாமான் பார்க்கிறவள் மாதிரி என் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் அவருடைய திருத்தம் ஒன்றுகூடத் தொலையவில்லை.

"பாத்தியளே சேர்?" என்று பணிப்பாளரிடம் சொன்னார். "ஆளை வெளியில விட்டா எல்லாம் சரி. ஆள் உள்ளுக்கு வந்தா எல்லாம் பிழை."

நாலாம் நாள் அவர் வேறு அலுவலாகக் கொழும்புக்குப் போக, பட்டியல் சேர்வருக்குள் போகவே இல்லை. பணிப்பாளர் சத்தம் போட்டு என் அனுமதியைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். மறுநாளே திருத்தங்கள் தொலைந்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம்.

கடிதத்தைப் படித்த பணிப்பாளர், மாதக் கடைசியில் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்பலாம் என்று மேசை லாச்சிக்குள் வைத்தார். மாதம் முடிய நாலு கிழமை இருந்தது.

அன்றிலிருந்து நான் குறிக்கத் தொடங்கினேன். எங்கள் கந்தோரில் கடதாசிக்கு எப்போதும் தட்டுப்பாடு. பிழையாக அச்சடித்த தாள்களைக் குப்பையில் போடமாட்டோம். பின்பக்கத்தில் எழுத அடுக்கி வைப்போம். அந்த அடுக்கிலிருந்து தாள்களை எடுத்து நடுவில் தைத்து ஒரு கொப்பி செய்தேன். நான் எத்தனை மணிக்குச் சேமித்தேன், அவர் எத்தனை மணிக்கு "முடிஞ்சுது" என்று கதிரையைத் தள்ளி எழும்பினார், திருத்தம் நின்றதா போனதா என்பதைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். பழைய சேதிகளையும் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்தேன்.

ஒரு கிழமையில் இரண்டு விசயம் தெரிந்தது. கரண்ட் போய் நான் பதினொன்றுக்கே முடித்த நாளில் அவருடைய திருத்தம் நின்றது. பதினொன்றரைக்கு முடித்த நாட்களில் எல்லாம் போனது. இரண்டாவது, வெள்ளிக்கிழமைகளில் ஒருநாளும் தொலையவில்லை. வெள்ளிக்கிழமை சேர்வருக்குப் 'பராமரிப்பு' என்று சொல்லி, பன்னிரண்டரைக்குப் பிறகே திருத்தத் தொடங்குவார். சேர்வரின் வேலையையும் ஒரு மணிக்குத் தள்ளி வைப்பார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குள் அவர் சேமித்தால் போகிறது. அரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் நிற்கிறது.

எங்கள் வாகனச் சாரதி வெற்றிலை போட்டுக்கொண்டு என் மேசையடியில் நின்றார். அவர் மாதத்தில் இரண்டு தரம் சோதனைச் சாவடி தாண்டி, இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த அந்தப் பக்கம் சாமான் கொண்டுபோகிறவர். அதனால் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருப்பார். அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அந்தப் பக்கம் அதை ஏற்கவில்லை. வவுனியா புதிய நேரம், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பழைய நேரம். ஆராவது "பத்து மணிக்கு வாறன்" என்றால், "பழசோ புதுசோ?" என்று கேட்காமல் விடமாட்டோம்.

"அண்ணை, ஒரு சாமான் எப்ப பாத்தாலும் அரை மணித்தியாலம் பிந்துதெண்டா என்ன காரணம்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி, தங்கச்சி?" இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆரோ பழசில நிக்கினம்."

நான் சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த நாள் தம்பி "முடிஞ்சுது" என்று எழும்பியதும், என் திரையில் வயர் வழியாக அவருடைய கோப்புகள் கிடக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஐம்பது. அவர் அப்போதுதான் சேமித்த கோப்பில் பதினொன்று இருபது என்றிருந்தது. என்னுடையதில் பதினொன்று முப்பது. பாவம் சேர்வர், சொன்னபடி பிந்தியதை எடுத்தது.

எல்லாக் கொம்பியூட்டரும் காலையில் சேர்வரிடம் நேரத்தைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்யும்படி அவரே வைத்திருந்தார். பிறகு எப்படி அவருடையது மட்டும் பிந்தியது? அதற்குப் பதில் என் கொப்பியிலேயே இருந்தது. நான் தைத்த தாள்களில் இரண்டு, அவர் முன்னொரு நாள் அச்சடித்துக் கழித்த சேர்வர் அமைப்பின் பக்கங்கள். திருப்பிப் பார்த்தேன். நாலு கொம்பியூட்டருக்கும் தனித்தனியாக நாலு பகுதி. மூன்று பகுதியில் நேரத்தைச் சரிசெய்யும் வரி வெறுமனே இருந்தது. அவருடைய பகுதியில் அதே வரிக்கு முன்னால் ஒரு # குறி. அந்தக் குறி போட்டால் வரி இருந்தும் இல்லாததற்குச் சமம் என்று பணிப்பாளருக்கு அவர் விளக்கியபோது, தேத்தண்ணிக் கோப்பையோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தனக்கு மட்டும் அந்த வரி வேண்டாம் என்று வைத்திருக்கிறார். தன் திரையின் மூலையில் மணியை, எலியைக் கொண்டுபோனால் மட்டும் தெரியும்படி மறைத்தும் வைத்திருக்கிறார்.

ஏன் என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டது. வெள்ளியில் ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அது பஞ்சாங்கத்து நேரம், பழைய நேரம். புதிய நேரத்தில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை. தம்பி ராகுகாலம் பார்த்து வேலை செய்கிறார். ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் கூட்டிக் குறைக்கப் பஞ்சியில், கொம்பியூட்டரையே பழைய நேரத்தில் விட்டுவிட்டார். அது முந்தி செய்தது. பன்னிரண்டு மணி ஏற்பாட்டை எழுதியது பிறகு. எழுதும்போது தன் பழைய வேலையை மறந்துபோனார்.

ராகுகாலம் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் என்றாலும், கடலுக்குப் போகிறவர்கள் எந்தச் சகுனத்தைப் பார்த்துத் திரும்பி வந்து குந்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் லினக்ஸ் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதை ஒளித்து வைத்து, அந்தப் பழியை என் தலையில் போட்டு, அந்தக் கடிதத்தை என் கையாலேயே அடிக்க வைத்தார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் நினைத்தது இதுதான். கடிதம் கொழும்புக்குப் போகட்டும். அங்கே பெரியவர்கள் படிக்கட்டும். விசாரிக்க வரட்டும். அப்போது எல்லோருக்கும் முன்னால் இந்தக் கொப்பியை விரிப்பேன். சிறிய இடத்தில் விழுந்தால் சிறிய காயம். அவர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அம்மாவின் பாஸும் என் பாஸும் அந்த உயரத்தில்தான் தொங்குகின்றன என்று தெரிந்துகொண்டே நினைத்தேன். அவ்வளவு ஆத்திரம்.

இன்னொன்றும் செய்தேன். நான் பதினொன்றுக்கே முடித்திருந்தால் அவருடைய திருத்தங்கள் தப்பியிருக்கும். வேலை குறைந்த நாளிலும் சும்மா இருந்துவிட்டு, சரியாகப் பதினொன்றரைக்குத்தான் சேமித்தேன். விதிப்படி. வெள்ளி தவிர ஒவ்வொரு நாளும் அவர் திருத்தியது போனது. ஒவ்வொரு நாளும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு கறுப்புத் திரையின் முன் குந்தியிருந்தார். எனக்கு மத்தியானச் சோறு ருசித்தது.

பத்து நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு பெண் யன்னலுக்கு வந்தா. நாயாற்றில் எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவா. இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. அதன் கன்னமெல்லாம் நுளம்புக் கடி.

"பிள்ளை, வலை குடுக்கிற லிஸ்டில என்ர பேர் இல்லையாம். பழைய முகாமில போய்க் கேக்கச் சொல்லுகினம். அங்க போனா, நீ இங்க இல்லை எண்டுகினம். என்ர பேரை ஏன் வெட்டினனீங்கள்?"

"வெட்டேல்லை அக்கா. ஒரு பிழை நடந்திட்டுது."

"ஆர் விட்ட பிழை?"

அவர் விட்ட பிழை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கடந்த பத்து நாளுக்கு அது முழு உண்மை இல்லை. அவாவுடைய முகாம் மாற்றத்தை அவர் இரண்டு தரம் திருத்தியிருந்தார். இரண்டு தரமும் என் பதினொன்றரை அதைத் தின்றது.

அந்தக் குழந்தையில் எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் பாவம். ஆனாலும் வந்தது. இன்னும் ஒரு கிழமை பொறுத்திருந்தால் கொழும்பு வரை போயிருக்கும். அது வந்து என் பழியைப் பாதியில் நிறுத்தியது.

என் பங்கு வலை ஒன்று வீட்டில் இருந்தது. அதை அன்றே அவாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பணிப்பாளரின் அறைக்கு அழைப்பில்லாமல் போனேன்.

"சேர், அந்தக் கடிதத்தைப் பற்றி விசாரிக்க வேணும். இந்தக் கிழமையே."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். நெற்றியில் எப்போதும் மூன்று குறி திருநீறு. "என்ர நாட்குறிப்பு உம்மிட்டத்தானே கிடக்கு. எப்ப நேரம் இருக்கு?"

"வெள்ளிக்கிழமை பதினொண்டே கால் சேர்" என்றேன். புதன் முழுக்க அவருக்கு வேலை இல்லை. அதை நான் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் தம்பி பணிப்பாளரிடம் போய், "ஒரு மணிக்கு வைப்பமே சேர்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"ஏன், என்ன அலுவல்?"

தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். நான் டைப்ரைட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் மேசையடியில் பணிப்பாளர், தம்பி, நான். சாரதியையும் கூப்பிட்டிருந்தேன். எழுதி வைத்ததைத்தான் வாசித்தேன். "நானும் சேரும் ஒரே நேரத்தில ஒவ்வொரு கோப்பைச் சேமிக்க வேணும். அதைப் பணிப்பாளர் சேர் பாக்க வேணும்."

"இது என்ன பள்ளிக்கூட விளையாட்டு?" என்றார் தம்பி.

"செய்யும்" என்றார் பணிப்பாளர்.

சாரதி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். இரண்டு பேரும் விசையை அழுத்தினோம். பணிப்பாளர் என் திரையில் இரண்டு கோப்பையும் பார்த்தார். என்னுடையது பதினொன்று இருபத்தாறு. அவருடையது பத்து ஐம்பத்தாறு. சாரதி கேளாமலே இரண்டு கையையும் மேசையில் வைத்தார்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "தம்பி, எங்கட மெசின் வவுனியாவில நிக்குது. உம்மட மெசின் எப்ப கிளிநொச்சிக்குப் போனது?" என்றார்.

சாரதி சிரிப்பை அடக்க இருமினார். நான் கொப்பியை விரித்து, # குறி இருந்த பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

"இந்தக் குறியை ஆர் போட்டது?"

"நான்தான் சேர்... ஒரு சோதனைக்காக..."

"என்ன சோதனை?"

அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தச் சிவப்பை நான் ஆறுதலாகப் பார்த்தேன். இனி நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். பணிப்பாளர் கேட்டது அவரிடம்தான்.

"பஞ்சாங்கம் பழைய நேரம் சேர்" என்றேன். "ராகுகாலம் பாக்கிறதுக்கு லேசு. இப்பவும் ராகுகாலம்தான். அதுதான் ஒரு மணிக்கு வைக்கக் கேட்டவர்."

பணிப்பாளர் தன் நெற்றியைத் தடவினார். "ராகுகாலம் நானும் பாக்கிறனான். அதுக்குச் சுவரில ஒரு மணிக்கூடு போதும். ஒரு பொம்பிளையின்ர சீவியத்தைக் கெடுக்கத் தேவையில்லை. இப்ப எடும் அந்தக் குறியை."

"சேர், பன்னிரண்டரைக்குப் பிறகு..."

"இப்ப."

எல்லோரும் உள்ளறைக்குப் போனோம். அவர் சேர்வரின் முன் இருந்தார். கறுப்புத் திரையில் அந்த வரிக்கு வந்தார். விரல் விசைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு குறி அழிந்தது. பகிர்வு வேலையை நிறுத்தித் தொடக்கினார். அவருடைய கொம்பியூட்டர் அணைந்து எழும்பி, சேர்வரிடம் நேரம் கேட்டு, அரை மணித்தியாலம் முன்னால் குதித்தது. அந்த நேரம் நான் யன்னல் பக்கம் திரும்பாமல் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதில் எனக்குச் சிறிது ஏமாற்றம்.

பணிப்பாளர் லாச்சியிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பத்து நாள் பதினொன்றரைக்கே நான் சேமித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தொலைந்த திருத்தங்களைத் தேடி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் இருந்து நானே திரும்ப அடித்தேன்.

மாதம் முடிந்தது. என் பாஸ் கடிதத்தில் முத்திரை விழுந்தது. குத்தியது அவர்தான். குத்திவிட்டுத் தாளைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அண்டைக்கு அடிச்ச கடிதத்தின்ர கார்பன் கொப்பி உங்களிட்ட இருக்கோ?"

"இருக்கு."

"அதைத் தாங்கோவன். நான் கொழும்பில வேற இடத்துக்கு அப்ளிகேசன் போட்டிருக்கிறன். இது எங்கயும் போய்ச் சேர்ந்தா..."

அதுவரை அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவருடைய கையிலிருந்து என் பாஸ் கடிதத்தை மெதுவாக இழுத்து எடுத்தேன். அன்றும் ஒரு வெள்ளிக்கிழமை.

"ராகுகாலம் முடியட்டும், தம்பி" என்றேன்.

பன்னிரண்டரைக்கு அவர் வந்து என் மேசையடியில் நின்றார். நான் தலை நிமிரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக்கும் வந்தார். அடுத்த மாதம் கொழும்புக்குப் போகும்வரை ஒவ்வொரு கிழமையும் கேட்டார். கடைசி நாளில் கேட்காமலே போனார்.

அந்தத் தாள் இன்றைக்கும் என் அலுமாரியில், அம்மாவின் பாஸோடு சேர்ந்து இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. இருந்தாலும் வாசிக்கலாம்.